பாத்திரம் அறிந்து இடுங்கள்: கனடாவில் முதற்சம்பளம் பெறும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

ரொறன்ரோவின் கிழக்குப் பாகமாகிய ஸ்காபரோவில், பனி முற்றாக உருகாத மார்ச் மாதத்துச் சனிக்கிழமைகளில், ஒரு சமூக மண்டபத்தின் மூலையில் மேசை போட்டு அமர்ந்து, வருமானம் குறைந்த குடும்பத்தாருக்கு வரிப் பத்திரங்களை இலவசமாக நிரப்பிக் கொடுக்கும் தொண்டர்களுள் நானும் ஒருவன். எதிரே வந்தமரும் மனிதருடைய ஒரு வருஷத்து வாழ்வு, அவர் உழைத்த உழைப்பும் பட்ட கடனும் உட்பட, ஒரு மஞ்சள் உறைக்குள் அடங்கிய சில கடதாசிகளாக என் கையில் வந்து சேர்கிறது. ஆகையால் நம்மவருடைய சேமிப்பின் சரித்திரத்தை அருகிலிருந்து காணும் பாக்கியமும், சில வேளைகளில் அதனால் விளையும் மனவருத்தமும் எனக்கு வாய்த்திருக்கின்றன. அத்தகைய ஒரு மனவருத்தமே இந்த மடலை எழுதத் தூண்டியது.

சென்ற வருஷம் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு வயது 67. இருபத்தைந்து வருஷகாலம் இரவு நேரங்களில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர். அந்தச் சொற்பச் சம்பளத்திலும் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு பெப்ரவரி மாதமும் ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் தவறாமல் பணமிட்டவர். முந்திய வருஷம் வீட்டுக் கூரை பழுதுபட்டமையால் அக்கணக்கிலிருந்து 6,000 டொலர் எடுத்திருந்தார். அதில் 20 வீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய மற்ற வருமானம் குறைவாயிருந்தபடியால் அந்த வரிப்பணம் திரும்பி வருமென்று நான் சொன்னபோது, அவர் முகம் மலர்ந்தது. ஆனால் ஜூலை மாதம் அவருடைய ஜி.ஐ.எஸ். என்ற முதியோர் கொடுப்பனவைப் புதிதாகக் கணக்கிடும்பொழுது, எடுத்த அந்த 6,000 டொலரும் வருமானமாகக் கொள்ளப்பட்டு, ஏறத்தாழ அதில் பாதியளவுக்குக் கொடுப்பனவு குறையும் என்பதையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. உறையின் விளிம்பை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

தாயாரின் அலுவல் முடிந்தபின் மகள் தயங்கித் தயங்கித் தன் கைப்பேசியை என் முன் வைத்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். கணக்கிலே 17,000 டொலர் நின்றது. வருஷம் முழுவதற்கும் அதற்குக் கிடைத்த வட்டியோ 8 டொலரும் சில சதமும். "அங்கிள், நான் ரி.எஃப்.எஸ்.ஏ.யிலைதானே போட்டனான், பிறகேன் இது வளரேல்லை?" என்று கேட்டாள்.

ஒரே மேசையில், ஒரே மணித்தியாலத்தில், ஒரே குடும்பத்தின் இரு தலைமுறையினர், ஒருவருக்கொருவர் நேர்மாறான இரண்டு தவறுகளோடு வந்திருந்தார்கள். தாயார் நல்ல பண்டத்தைத் தமக்குப் பொருந்தாத பாத்திரத்தில் இட்டிருந்தார். மகள் பொருத்தமான பாத்திரத்தைத் தெரிவு செய்துவிட்டு, அதில் ஒன்றும் சமைக்காமல் வைத்திருந்தாள். இருவருமே சிக்கனத்திலும் ஒழுங்கிலும் குறைவற்றவர்கள். அவர்களிடம் இல்லாதது, பாத்திரம் வேறு, பண்டம் வேறு என்ற ஒரு சிறு விவேகந்தான். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலே புளிக்குழம்பை வைத்தால் களிம்பேறிக் கெட்டுப்போகும். அதே குழம்பு மண்சட்டியிலிருந்தால் மறுநாள் சுவை கூடியிருக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிவார்கள். பணத்திற்கும் அதே நியாயம் பொருந்தும். ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கும் ஆர்.ஆர்.எஸ்.பி.யும் பாத்திரங்கள், பங்குகளும் நிதியங்களும் ஜி.ஐ.சி. என்ற நிரந்தர வைப்புக்களும் அவற்றிலிடும் பண்டங்கள். எந்தப் பாத்திரம் என்பதை உங்கள் வரி நிலைமை தீர்மானிக்க வேண்டும். எந்தப் பண்டம் என்பதை அந்தப் பணம் உங்களுக்கு எப்போது வேண்டியிருக்கும் என்ற காலம் தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் தலைமுறையினர் இவ்விஷயத்தில் உங்களுக்கு வழிகாட்டாமற் போனதற்கு ஒரு காரணமுண்டு. இலங்கையில் நடந்த 1983ஆம் ஆண்டின் கலவரத்திற்குப் பின் கைப்பெட்டியோடு வந்திறங்கிய நாங்கள், அறிந்தது வீடும் நகையும் சீட்டும். சீட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் ஒப்பாது. வங்கி எங்களை ஏறெடுத்தும் பாராத காலத்தில், பரஸ்பர நம்பிக்கை ஒன்றையே ஈடாக வைத்து எங்களுக்கு முதலிலே கைகொடுத்தது அதுதான். எனினும் அந்த அனுபவத்திலிருந்து வரிக் கணக்கைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தக்க பாடம் எதுவும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆதலால் நான் பிற்காலத்திலே கற்றதை இங்கே கிரமமாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் பாத்திரங்கள் ஒன்றுமில்லாத சாதாரண முதலீட்டுக் கணக்கில் வரி எவ்வாறு புகுகிறது என்பதைப் பாருங்கள். வட்டி முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும்; பங்கை விற்று வரும் மூலதன லாபத்தில் பாதி வரிக்குள்ளாகும்; கனடியக் கம்பனிகளின் இலாபப் பங்குக்கு ஒரு வரிச் சலுகை கழியும். இவற்றுள் எதுவும் அநியாயமானதன்று. ஆனால் ஒவ்வொரு வருஷமும் விளைச்சலில் ஒரு பிடி அள்ளப்படுமானால், அந்தப் பிடி மட்டுமன்றி, அது அடுத்தடுத்த வருஷங்களில் முளைத்துத் தந்திருக்கக்கூடிய விளைச்சலும் சேர்ந்தே போய்விடுகிறது.

இதற்கு அரசாங்கமே ஏற்படுத்திய பரிகாரங்கள் பிரதானமாக இரண்டு. முன்னது 1957ஆம் ஆண்டிலே தோன்றிய ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம். முந்திய வருஷத்து உழைப்பு வருமானத்தில் 18 வீதம் வரையில், வருஷத்துக்கு வருஷம் மாறும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, இதில் இடலாம். 2026ஆம் ஆண்டுக்கு அந்த உச்சவரம்பு 33,810 டொலர். இட்ட தொகை அவ்வருஷத்து வருமானத்திலிருந்து கழிக்கப்படும். எடுக்கும்போது எடுத்த தொகை முழுவதும் வருமானமாகும். 71 வயதாகும் வருஷம் முடிவதற்குள் அதை ஓய்வூதியம் தரும் வேறொரு கணக்காக மாற்றியாக வேண்டும். பின்னது, நிதியமைச்சராயிருந்த ஜிம் ஃபிளஹேர்ட்டி 2008ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்து, 2009 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த ரி.எஃப்.எஸ்.ஏ. இதிலிடும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. ஆனால் உள்ளே விளைவதற்கும் வரியில்லை, எடுப்பதற்கும் வரியில்லை, எடுத்தது எந்தக் கொடுப்பனவின் கணக்கிலும் வருமானமாகத் தோன்றுவதுமில்லை. 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இதன் வரம்பு வருஷத்துக்கு 7,000 டொலர்.

இரண்டில் எது மேலானது என்று வாதம் செய்வோரை நான் அநேகமாகக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்த வாதத்தைத் தீர்ப்பது ஒரு சிறு கணக்கு. நீங்கள் 1,000 டொலர் உழைக்கிறீர்கள். அதற்குரிய வரி வீதம் 30 என்று வைத்துக்கொள்வோம். வரி கட்டி எஞ்சிய 700 டொலரை ரி.எஃப்.எஸ்.ஏ.யில் இட்டு, அது காலப்போக்கில் இரட்டித்தால் 1,400 ஆகும்; அது முழுவதும் உங்களுடையது. 1,000 டொலரையும் ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இட்டு, அது இரட்டித்து 2,000 ஆகி, எடுக்கும்போதும் அதே 30 வீதம் வரி கட்டினால் எஞ்சுவதும் 1,400தான். இடும்போதும் எடுக்கும்போதும் வரி வீதம் ஒன்றாயிருந்தால் இரு பாத்திரங்களுக்கும் தாரதம்மியமே இல்லை. ஆகவே உங்கள் முன்னுள்ள கேள்வி ஒன்றுதான்: வரியை இன்றைய வீதத்தில் கட்டிவிடுவது நன்றா, எடுக்கும் நாளின் வீதத்தில் கட்டுவது நன்றா?

ஒன்ராறியோவில் ஆரம்பநிலைச் சம்பளம் பெறும் ஒருவருடைய கடைசி டொலரில் மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து எடுப்பது ஏறத்தாழ 20 வீதம். 120,000 டொலரைத் தாண்டியவரிடம் எடுப்பது 43 வீதத்துக்கு மேல். இன்று 20 வீதத்தில் நிற்கும் நீங்கள், நாளை உத்தியோகத்தில் உயர்ந்து 30க்கும் 43க்கும் செல்லப்போகிறவர்கள். எனவே முதற்சம்பளக் காலத்துச் சேமிப்புக்கு ரி.எஃப்.எஸ்.ஏ.யே உகந்த பாத்திரம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். வருமானம் உயர்ந்தபின் ஆர்.ஆர்.எஸ்.பி. உங்களுக்குத் தன் முழுப் பிரயோசனத்தையும் தரும். இன்று பயன்படுத்தாத அதன் வரம்பு எங்கும் போய்விடாது, வருஷந்தோறும் சேர்ந்துகொண்டே வந்து உங்களுக்காகக் காத்திருக்கும். குழந்தை பிறந்தபின் குடும்ப வருமானத்தை ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இடும் தொகை குறைத்துக் காட்டுவதனால், பிள்ளைகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவும் கூடும்.

இவ்விதிக்கு இரண்டு விலக்குகளைச் சொல்ல வேண்டும். நீங்கள் வேலை செய்யும் கம்பனி, நீங்களிடும் ஒவ்வொரு டொலருக்கும் தானும் ஒரு பங்கு இடுவதாகக் கூட்டு ஆர்.ஆர்.எஸ்.பி. ஒன்றை நடத்துமாயின், அந்தப் பங்கு கிடைக்குமளவுக்கு முதலில் அதிலேயே இடுங்கள்; அது உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி, அதை வாங்காமல் விடுவது கூலியை வேண்டாமென்று சொல்வதற்குச் சமானம். இரண்டாவது, முதல்வீடு வாங்க வேண்டுமென்ற எண்ணமுள்ளவர்கள் 2023 ஏப்ரலில் வந்த எஃப்.எச்.எஸ்.ஏ. கணக்கைத் திறந்து வையுங்கள். வருஷத்துக்கு 8,000, ஆயுளுக்கு 40,000 டொலர் என்ற வரம்புக்குள் இடும் தொகைக்கு ஆர்.ஆர்.எஸ்.பி.யைப் போல் வரிக்கழிவும் உண்டு. வீடு வாங்குவதற்கு எடுக்கும்போது ரி.எஃப்.எஸ்.ஏ.யைப் போல் வரியுமில்லை. இரு பாத்திரங்களின் நற்குணங்களும் ஒன்றாகச் சேர்ந்த இதன் வரம்பு, கணக்கைத் திறந்த நாளிலிருந்துதான் சேரத் தொடங்கும் என்பதால், பணமில்லாவிடினும் திறந்துவைப்பது புத்தி.

இனி, நான் நேரிற் பட்ட ஒரு பாட்டைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் என் ரி.எஃப்.எஸ்.ஏ.யின் வரம்பு முழுவதும் நிரம்பியிருந்தது. ஊரில் உறவினர் ஒருவருடைய வைத்தியச் செலவுக்காக ஜூன் மாதத்தில் 8,000 டொலர் எடுத்தேன். செப்டெம்பரில் கைமாற்றுப் பணம் திரும்பி வந்ததும், எடுத்ததைத்தானே திரும்ப வைக்கிறேன் என்ற நல்லெண்ணத்தோடு அதே கணக்கிலே இட்டேன். எடுத்த தொகைக்குரிய இடம் அடுத்த ஜனவரி முதலாந் திகதிதான் மீண்டும் பிறக்கும் என்ற சட்டத்தை நான் அறிந்திருக்கவில்லை. மிகையாயிட்ட தொகைக்கு மாதம் ஒரு வீதம் அபராதம். நான்கு மாதத்துக்கு 320 டொலர். வரித்துறையின் கடிதம் வந்த அன்று, பிறருடைய பத்திரங்களை நிரப்பும் நானே இதை அறியாதிருந்தேனே என்று வெட்கித்துப்போனேன். தொகை பெரிதன்று, ஆனால் அந்தத் தவறை என் மேசைக்கு வரும் எவரும் செய்யக்கூடாதென்று அன்றே சங்கற்பம் செய்துகொண்டேன்.

இதனோடு சேர்ந்த இன்னொரு பிழையும் புதிதாக வந்தவர்களிடையே சாதாரணம். 2009இலேயே 18 வயதை அடைந்து அன்றுமுதல் இங்கே வசிப்பவருக்கு 2026 வரையில் சேர்ந்திருக்கும் வரம்பு 109,000 டொலர். இந்தத் தொகையைப் பத்திரிகையிலே பார்த்துவிட்டு, 2022இல் வந்திறங்கிய ஒருவர் தமக்கும் அவ்வளவு இடமிருக்கிறதென்று நம்பிவிடுகிறார். வரம்பு கனடாவில் வசிப்பவராக ஆன வருஷத்திலிருந்துதான் சேரும். அவருக்குள்ளது 33,500 டொலர் மட்டுமே. வரித்துறையின் இணையக் கணக்கில் உங்கள் வரம்பு காட்டப்படுகிறது. ஆயினும் சென்ற வருஷத்தின் கொடுக்கல் வாங்கலை வங்கிகள் அறிவிப்பதற்குப் பெப்ரவரி முடிவு வரையில் அவகாசமிருப்பதனால், வருஷாரம்பத்தில் அந்தத் தொகையை அப்படியே நம்பாமல், உங்கள் கையாலேயே ஒரு கொப்பியில் இட்டதையும் எடுத்ததையும் திகதியோடு எழுதி வையுங்கள்.

பாத்திரம் முடிந்தது, பண்டத்துக்கு வருகிறேன். மகளின் பணம் வளராததற்குக் காரணம், கணக்கில் பணத்தைச் சேர்த்ததோடு கருமம் முடிந்ததென்று அவள் நினைத்ததுதான். வாங்கு என்ற கட்டளையை நீங்கள் கொடுக்கும் வரையில் பணம் பணமாகவே கிடக்கும். எதை வாங்குவது என்பதற்கு, ஒரு கம்பனியின் பங்கைப் பற்றி உறவினர் கல்யாண வீட்டில் காதோடு சொல்லும் இரகசியத்தை நம்பாதீர்கள். சந்தை முழுவதையும் சிறு சிறு பங்காக ஏந்தும் குறியீட்டு நிதியங்கள் இருக்கின்றன. அவற்றுள் பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கத்தக்க ஈ.ரி.எஃப். என்ற வகை, உலகிலேயே முதன்முதலாக 1990ஆம் ஆண்டு இந்த ரொறன்ரோப் பங்குச் சந்தையிலேதான் பிறந்தது. நமது வாசற்படியிலே பிறந்த அந்தப் பிள்ளையை நம்மவரிற் பலர் இன்னும் அறியாதிருக்கிறார்கள்.

நிதியத்தைத் தெரிவு செய்யும்போது முதலிலே பார்க்க வேண்டியது அதன் வருடாந்தக் கட்டணம். அது தனிச் சிட்டையாக வருவதில்லை. நிதியத்துக்குள்ளேயே கழிந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 10,000 டொலர் 25 வருஷத்துக்கு ஆண்டுக்கு 6 வீதம் வளர்வதாகக் கொள்வோம். கட்டணம் 2 வீதமாயிருந்து 4 வீதமே உங்களுக்கு எஞ்சினால், இறுதியில் ஏறத்தாழ 26,660 டொலர்; கட்டணம் கால் வீதமாயிருந்தால் ஏறத்தாழ 40,460 டொலர். இந்த 13,800 டொலர் வித்தியாசத்தை எந்த வரிச் சலுகையும் ஈடுசெய்யாது. வரியை மிச்சம் பிடிக்கும் பாத்திரத்தைத் தேடி அலைந்துவிட்டு, அடியிலே துளையுள்ளதைக் கவனியாது விடலாமா?

பங்குகள் வீழும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டிலே ரொறன்ரோச் சந்தை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழந்தது. ஐந்து வருஷத்துக்குள் கல்யாணத்துக்கோ வீட்டுக்கோ வேண்டிய பணம் நிரந்தர வைப்பில் இருப்பதே உத்தமம். இருபது வருஷம் தொடமாட்டோமென்ற பணமே பங்குக்கு உரியது. ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் நேரும் நட்டத்தை வேறு லாபத்தோடு கழிக்க முடியாது. கரைந்த தொகைக்கு ஈடான வரம்பும் திரும்பக் கிடைக்காது. ஆதலால் அதற்குள்ளே சூதாட்டம் வேண்டாம். அமெரிக்கக் கம்பனிகளின் இலாபப் பங்கில் ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் 15 வீதம் அந்நாடு பிடித்துக்கொள்ளும், ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு ஒப்பந்தப்படி அந்தப் பிடிப்பு இல்லை. கணினித் தொழிலின் நிமித்தம் அமெரிக்காவுக்குக் குடிபெயர எண்ணுவோர், ரி.எஃப்.எஸ்.ஏ.யை அந்நாடு வரிவிலக்குள்ளதாக அங்கீகரிப்பதில்லை என்பதையும், கனடாவில் வசிக்காத காலத்தில் அதில் பணமிட்டால் அதற்கும் அபராதமுண்டு என்பதையும் புறப்படுமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

இறுதியாக, அந்தத் தாயாரிடம் திரும்பி வருகிறேன். அவருடைய உழைப்புக் காலத்தில் ஆர்.ஆர்.எஸ்.பி. அவருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த வரி டொலருக்கு ஏறத்தாழ 20 சதம். முதுமையில் அதை எடுக்கும்போது அவரிடமிருந்து போவது ஏறத்தாழ 50 சதம். 2009க்குப் பின்னாவது அவர் இட்ட பணம் ரி.எஃப்.எஸ்.ஏ.யில் இருந்திருந்தால், கூரைக்காக எடுத்த 6,000 டொலரால் அவருடைய கொடுப்பனவு ஒரு சதமும் குறைந்திராது. இதை யாராவது அவருக்கு 60 வயதிலே சொல்லியிருந்தாற்கூட, கொடுப்பனவு தொடங்குமுன் சிறிது சிறிதாக எடுத்து மாற்றியிருக்கலாம். சொல்வதற்கு அவர் பக்கத்தில் ஒருவருமில்லை. இரவு வேலையிலிருந்து விடியற்காலையில் வந்து உறங்கும் ஒருவருக்கு வரிச் சட்டத்தை வாசிக்க நேரமேது?

ஆகையால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உங்கள் கணக்கு எந்தப் பாத்திரம், அதற்குள் இருப்பது எந்தப் பண்டம், அதன் கட்டணம் எத்தனை வீதம் என்ற மூன்றையும் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். அம்மாவையும் அப்பாவையும் அழைத்து, அலுமாரித் தட்டில் அவர்கள் பத்திரமாக வைத்திருக்கும் அந்த உறையையும் கொண்டுவரச் சொல்லி, அதே மூன்று கேள்விகளை அவர்களுடைய கடதாசிகளுக்கும் கேளுங்கள். அவர்கள் 65 வயதை இன்னும் அடையாதவர்களானால், சரிசெய்வதற்குக் காலம் இருக்கிறது.

அன்று அந்தப் பெண் என் மேசையிலிருந்து எழுந்து போகவில்லை. தன் கைப்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, தாயாரின் கையிலிருந்த உறையை வாங்கி, "அம்மா, மிச்சத்தையும் காட்டுங்கோ, நான் ஒருக்காப் பாக்கிறன்" என்றாள். அந்த வார்த்தையை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும் என்பதே என் ஆசை.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
வரிப் பத்திரத் தொண்டன் ஒருவன்,
ஸ்காபரோ